தாய்க்குத் தந்த வாக்கும் தனியறை அடுப்பும்

மேற்படிப்பின் பொருட்டு நம் பிள்ளைகள் கடல் கடந்து செல்வது இன்று வழக்கமாகிவிட்டது. கட்டணத்தையும் பயணச் செலவையும் தந்தையர் கணக்கிட்டுக் கொண்டிருக்கையில், அங்கே என் பிள்ளை எதை உண்பான் என்னும் ஒரே எண்ணம் தாய்மாரின் உள்ளத்தை வாட்டுகிறது. விமான நிலையத்தில் விடைபெறும் பிள்ளையின் கையில் கடைசியாகத் திணிக்கப்படுவது பெரும்பாலும் ஒரு பொடி டப்பாவாகவோ ஊறுகாய்ப் பொட்டலமாகவோதான் இருக்கிறது.

இக்கவலை புதியதன்று. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே கத்தியவார் நாட்டில் ஓர் அன்னை இதே கவலையால் உறக்கமிழந்தார். அவருடைய கடைசி மகனே பின்னாளில் உலகம் போற்றிய காந்தியடிகள். அண்ணலின் அரசியல் வாழ்வைப் பற்றி நாம் பலகாலும் படித்திருக்கிறோம். அவர் லண்டன் மாநகரில் மாணவராய் இருந்த மூன்று ஆண்டுகளில் எதை உண்டார், எப்படிச் சமைத்தார், நண்பர்களோடு எங்கெங்குச் சென்றார் என்பதை இக்கட்டுரையில் காண்போம். உணவைப் பற்றிய எளிய செய்திகளே ஆயினும், ஒருவர் ஏற்ற விரதம் அவருடைய சொந்த அறிவாக மாறிய வரலாறு இவற்றினுள் அடங்கியிருக்கிறது.

முனிவர் முன்னிலையில்

மோகன்தாஸ் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். அன்னையார் புத்லிபாய் நோன்புகளை உயிரெனப் போற்றியவர். ஒருமுறை மழைக்காலத்தில், சூரியனைக் கண்டாலன்றி உண்பதில்லை என்று விரதம் பூண்டார். சிறுவர்கள் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்திருப்பர். மேகம் விலகிக் கதிரவன் தோன்றியதும் அன்னையை அழைத்துவர ஓடுவர். அவர் வந்து நோக்குமுன் கதிரவன் மறைந்துவிடுவான். இன்று உண்ணவேண்டாம் என்பது இறைவன் திருவுள்ளம் போலும் என்று முகம் மலரக் கூறிவிட்டு அம்மையார் வீட்டு வேலைக்குத் திரும்புவார். சூரியன் மறைந்தபின் உண்ணாத மரபில் வந்த நமக்கு இக்காட்சியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

1887ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேறிய மோகன்தாஸ், பவநகர்க் கல்லூரியில் சிறிது காலம் பயின்றார். இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்று வரலாமே என்று குடும்ப நண்பர் ஒருவர் யோசனை கூறினார். அன்னைக்கோ அச்சம். அந்நாட்டிற்குச் செல்லும் இளைஞர்கள் புலாலும் மதுவும் பழகிக் கெட்டுப்போகிறார்கள் என்று பலர் அவரிடம் சொல்லியிருந்தனர். அக்குடும்பத்திற்கு ஆலோசகராய் விளங்கியவர் பேச்சர்ஜி சுவாமி. மோத் பனியா குலத்தில் பிறந்து, பின்னர் ஜைன முனிவரானவர். அவர் முன்னிலையில் மோகன்தாஸ் மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று உறுதிமொழி ஏற்றார். அதன் பின்னரே அன்னை விடை கொடுத்தார். தேசத் தந்தையின் வாழ்வில் முதற்பெரும் விரதத்தை ஏற்பித்தவர் ஒரு ஜைன முனிவர் என்பது நாம் மறவாது நினைவிற்கொள்ளத் தக்க செய்தியாகும்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. அந்நாளில் மோகன்தாஸின் மனம் புலாலை வெறுக்கவில்லை. ஆங்கிலேயரைப் போல் வலிமை பெறவேண்டுமாயின் புலால் உண்ணவேண்டும் என்று ஒரு நண்பர் கூறியதை நம்பி, பள்ளிப் பருவத்தில் சிலமுறை மறைவாக உண்டிருக்கிறார். முதல்நாள் இரவு, உயிருள்ள ஆடொன்று தம் வயிற்றினுள் கதறுவது போன்ற உணர்வால் உறங்காது கிடந்தார். பெற்றோரிடம் பொய் சொல்லவேண்டி வருகிறதே என்னும் வருத்தத்தால்தான் அதனை விட்டார். ஆகவே அவர் இங்கிலாந்து புறப்பட்டபோது கொண்டுசென்றது தாய்க்குத் தந்த வாக்கு ஒன்றே. கொள்கை இன்னும் பிறக்கவில்லை.

பசியோடு கழிந்த நாட்கள்

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. ஜுனாகட் வழக்கறிஞர் திரியம்பகராய் மஜ்முதார் உடன் பயணம் செய்தார். கத்தியும் முள்கரண்டியும் கையாளத் தெரியாமலும், எந்தப் பண்டத்தில் புலால் கலந்திருக்கிறது என்று கேட்கத் துணிவின்றியும், மோகன்தாஸ் உணவு மேசைக்கே செல்லவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் அறைக்குள்ளேயே உண்டு பொழுதைக் கழித்தார். இங்கிலாந்துக் குளிரில் புலாலின்றி எவரும் உயிர்வாழ முடியாது என்று உடன்வந்த ஆங்கிலேயர் ஒருவர் அன்போடு எச்சரித்தார். தாய்க்குத் தந்த வாக்கை மீறுவதைவிட ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்பதே மோகன்தாஸின் விடையாக இருந்தது.

புலால் உண்ணவில்லை என்பதற்குச் சான்றிதழ்கள் வாங்கி வைத்துக்கொள்ளுமாறு யாரோ அவருக்குச் சொல்லியிருந்தனர். அவரும் ஓர் ஆங்கிலேயரிடம் கேட்டு ஒன்றைப் பெற்றுச் சில காலம் போற்றி வைத்திருந்தார். புலால் உண்பவரும் அத்தகைய சான்றிதழைப் பெறமுடியும் என்று பின்னர் கண்டபோது அதன்மேல் இருந்த மதிப்பு அவருக்குப் போயிற்று. தம் சொல்லே நம்பப்படாதாயின் தாள் ஒன்றினால் ஆவது என்ன?

லண்டனில் மருத்துவர் பிராண்ஜீவன் மேத்தா அவரை வரவேற்று, ரிச்மண்டில் ஒரு நண்பரின் இல்லத்தில் தங்கவைத்தார். காலையில் ஓட்ஸ் கஞ்சி வயிற்றை நிரப்பியது. நண்பகலிலும் இரவிலும் பசலைக்கீரையும் ரொட்டியும் ஜாமும். கீரையோ உப்பும் காரமும் இன்றி வெறுமனே வெந்தது. இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்குமேல் கேட்க நாணம் தடுத்தது. நன்றாக உண்ணும் வயதினராகிய அவர் பசியோடு எழுந்தார். இரவில் தாயின் நினைவு வந்து கண்ணீர் பெருகும். அந்நாட்டில் இருக்கவும் இயலவில்லை, வந்த காரியம் முடியாமல் திரும்பவும் வழியில்லை.

அந்த நண்பர் நாள்தோறும் வாதிட்டார். எழுத்தறிவில்லாத அன்னைக்கு, இந்நாட்டு நிலை அறியாத இடத்தில் தந்த வாக்கு எப்படிக் கட்டுப்படுத்தும் என்று கேட்டார். பெந்தாமின் பயன்கொள்கை நூலைப் படித்துக் காட்டினார். அவ்வாதங்களுக்கு விடை சொல்ல மோகன்தாஸுக்குத் தெரியவில்லை. எனினும் வாக்கு வாக்குதான் என்று மட்டும் அமைதியாகக் கூறிவிட்டார். வாதத்தில் தோற்றபோதும் விரதத்தில் தோற்கவில்லை.

ஃபாரிங்டன் தெருவில் ஒரு நாள்

பின்னர் மேற்குக் கென்சிங்டனில் ஒரு விதவை அம்மையார் வீட்டிற்கு அவர் குடிபெயர்ந்தார். நகரில் மரக்கறி உணவுச்சாலைகள் உண்டு என்று அந்த அம்மையார் ஒருநாள் தெரிவித்தார். அன்றுமுதல் மோகன்தாஸ் நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடலானார். வழியில் மலிவான கடையொன்றில் ரொட்டியை வயிறு நிறைய உண்டாலும் மனம் நிறையவில்லை. ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் அவ்வுணவுச்சாலை கண்ணில் பட்டது. வேண்டிய பொருள் கைக்குக் கிட்டிய குழந்தையைப் போல் மகிழ்ந்தார். வாயிலருகே கண்ணாடிக்குப் பின் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள் ஹென்றி சால்ட் எழுதிய மரக்கறி உணவு பற்றிய நூலைக் கண்டார். ஒரு ஷில்லிங் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு உள்ளே சென்று அமர்ந்தார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்ட முதல் உணவு அதுவே.

அந்நூலை அவர் முழுவதும் படித்தார். அன்றுவரை வாக்கிற்காகப் புலாலை மறுத்தவர், அன்றுமுதல் அதனை அறிந்து மறுப்பவரானார். என்றேனும் எல்லா இந்தியரும் புலால் உண்ணும் நாள் வரவேண்டும், தாமும் ஒருநாள் தடையின்றி உண்ணவேண்டும் என்று முன்பு எண்ணியவர், மரக்கறி உணவைப் பரப்புதலையே தம் பணியாகக் கொண்டார். விரதம் முதலில் வேலியாக நின்று பயிரைக் காத்தது. அதன்பின்னரே பயிர் வேர் ஊன்றியது.

இம்மாற்றத்தைக் கண்ட பழைய நண்பர், மோகன்தாஸ் சமுதாயத்தில் பழகத் தெரியாத விசித்திர மனிதராகிவிடுவாரோ என்று கவலையுற்றார். நாடகம் பார்க்க அழைத்துச் செல்லுமுன், ஹோல்பர்ன் உணவுச்சாலை என்னும் ஆடம்பரமான விடுதியில் விருந்தளித்தார். முதலில் சூப் வந்தது. அது எதனால் ஆனது என்று அறிய மோகன்தாஸ் பரிமாறுபவரை அழைத்தார். நண்பருக்குச் சினம் மூண்டது. நாகரிகமாக நடந்துகொள்ளத் தெரியாவிட்டால் வெளியே போய் வேறெங்கேனும் உண்டுவிட்டுக் காத்திருக்குமாறு கூறிவிட்டார். மோகன்தாஸ் மறுமொழியின்றி எழுந்து வெளியேறினார். அருகிலிருந்த மரக்கறி உணவுச்சாலை மூடியிருந்தது. அன்றிரவு உண்ணாமலே நண்பரோடு அமர்ந்து நாடகம் பார்த்தார். நட்பு முறியவில்லை, தம்மேல் கொண்ட அன்பினாலேயே நண்பர் அவ்வாறு செய்தார் என்று அவர் அறிந்திருந்தார். இந்த விடுதியின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நண்பரின் மனக்குறையைப் போக்க, நாகரிகத்தில் தாம் குறைந்தவரல்லர் என்று காட்ட மோகன்தாஸ் விழைந்தார். பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு மாலைநேர உடை தைத்தார். உயர்ந்த தொப்பி வாங்கினார். நடனம், வயலின், பேச்சுக்கலை ஆகியவற்றைப் பயிலத் தொடங்கினார். தாளம் பிடிபடவில்லை. ஏறக்குறைய மூன்று மாதங்களில் மயக்கம் தெளிந்தது. தாம் வந்தது படிப்பதற்கே அன்றி நடனமாடுவதற்கன்று என்று உணர்ந்து அவற்றைக் கைவிட்டார்.

சொல்லும் பொருளும்

விரதத்திற்கு மற்றொரு சோதனை நேர்ந்தது. இம்முறை அது அறிஞர்களின் வழியாக வந்தது. புலால் என்பதற்கு இங்கிலாந்தில் மூவகைப் பொருள் கூறப்பட்டது. விலங்கு, பறவை ஆகியவற்றின் ஊன் மட்டுமே புலால் என்றனர் ஒரு சாரார். மீன் முதலாகிய எல்லா உயிர்களின் ஊனும் புலாலே என்றனர் இன்னொரு சாரார். முட்டை, பால் முதலியனவும் அதில் அடங்கும் என்றனர் மூன்றாமவர். முதற்பொருளைக் கொண்டால் முட்டையோடு மீனையும் உண்ணலாம். முட்டை புலால் அன்று என்னும் வாதத்தைக் கேட்டு மோகன்தாஸும் சில நாட்கள் முட்டை உண்டார்.

இரண்டு வாரம் கழிவதற்குள் அவர் உள்ளம் விழித்துக்கொண்டது. வாக்கை ஏற்பித்த அன்னை எப்பொருளில் அதனைக் கருதினாரோ அப்பொருளே தமக்கும் உரியது என்று தெளிந்தார். அன்னையின் அகராதியில் முட்டையும் புலாலே. அக்கணமே அதனை விலக்கினார். அதனால் இன்னல் பெருகிற்று. மரக்கறி உணவுச்சாலைகளிலும் இனிப்புகளிலும் கேக்குகளிலும் முட்டை கலப்பது வழக்கம். ஒவ்வொன்றையும் விசாரித்தே உண்ணவேண்டியதாயிற்று. ஆனால் கேட்பதற்கு நாணிக் கப்பலில் பட்டினி கிடந்த இளைஞர் இப்பொழுது நாணமின்றிக் கேட்டார். சொல்லின் இடுக்கில் நுழைந்து தப்பிக்க வழியிருந்தும் தப்பிக்காதிருப்பதே விரதம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. நம்மில் நோன்பு ஏற்போர் யாவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம் இது.

ஒற்றை அறையும் ஓர் அடுப்பும்

தமையனார் வருந்தி அனுப்பும் பணத்தில் தாம் வாழ்வதை எண்ணி, மோகன்தாஸ் செலவைக் குறைக்க முற்பட்டார். ஒவ்வொரு காசிற்கும் கணக்கு எழுதி, இரவு உறங்குமுன் சரிபார்த்தார். குடும்பத்தோடு தங்குவதை விட்டு இரண்டு அறைகள் கொண்ட இடத்திற்கு மாறினார். பின்னர் அதனையும் ஒரே அறையாகச் சுருக்கினார். வண்டிக் கட்டணத்தைத் தவிர்த்து நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். லண்டனில் தம்மை நோயின்றிக் காத்தது அந்நடையே என்று பின்னாளில் கருதினார்.

ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கோகோவுக்கு வெந்நீர் வைத்தார். நண்பகல் உணவு வெளியே. இரவில் ரொட்டியும் கோகோவும் அறையிலேயே. இவ்வாறு நாளொன்றிற்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் உணவு முடிந்தது. மரக்கறி உணவுச்சாலையிலும், விருப்பம்போல் தனித்தனியே பண்டம் கேட்டு உண்ணும் பகுதியை விட்டு, ஆறு பென்னிக்கு முழு உணவு தரும் பகுதிக்கு மாறினார்.

ஊரிலிருந்து இனிப்புகளும் மசாலைப் பொருள்களும் வந்துகொண்டிருந்தன. அவை இனி வேண்டா என்று நிறுத்தினார். அப்பொழுது ஒரு வியப்பு நிகழ்ந்தது. ரிச்மண்டில் வாயில் வைக்க முடியாதிருந்த அதே வெந்த கீரை இப்பொழுது சுவைத்தது! சுவை பிறக்குமிடம் நாவன்று, மனமே என்று அவர் அறிந்துகொண்டார். இக்காலத்தில் படிப்பும் குறையவில்லை. முதல் முயற்சியில் லத்தீன் பாடத்தில் தவறிய லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வை 1890ஆம் ஆண்டு ஜூனில் தேறினார். எளிய வாழ்வு தமக்கு வறட்சியைத் தரவில்லை, மாறாக மகிழ்ச்சியையே மிகுவித்தது என்பது அவர் கண்ட முடிவு. பின்னாளில் லண்டன் செல்லும் மாணவர்களுக்கென ஒரு கையேடும் எழுதினார். அது அந்நாளில் அச்சேறவில்லை. வாரம் ஒரு பவுனில் அங்குக் கண்ணியமாக வாழமுடியும் என்று அதில் கணக்கிட்டுக் காட்டியிருந்தார்.

பாசிப்பயறும் காரட் சூப்பும்

தனியறை வாழ்வாயினும் அது தனிமை வாழ்வன்று. நாராயண் ஹேமசந்திரர் என்னும் குஜராத்தி எழுத்தாளர் அக்காலத்தில் லண்டனுக்கு வந்திருந்தார். உடையில் கவனமில்லாதவர், ஆங்கிலம் அறியாதவர், ஆனால் பல மொழிகளையும் கற்று அவற்றிலுள்ள நூல்களைத் தம் மொழியில் பெயர்க்கவேண்டும் என்னும் பேரார்வம் உடையவர். மோகன்தாஸ் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். நட்பு வளர்ந்தது. இருவரும் புலால் மறுப்பவர்கள். இருவரும் தாமே சமைப்பவர்கள்.

மோகன்தாஸ் ஆங்கிலேய முறையில் காரட் சூப் முதலியன சமைக்கப் பழகியிருந்தார். நாராயண் ஹேமசந்திரருக்கோ நம் நாட்டுப் பருப்பு இல்லாமல் உணவு இறங்காது. ஒருநாள் எங்கோ தேடிப் பாசிப்பயறு வாங்கிச் சமைத்து, மோகன்தாஸின் அறைக்கே எடுத்து வந்தார். அதனை மோகன்தாஸ் பேருவகையோடு உண்டார். அன்றுமுதல் அஃதொரு வழக்கமாயிற்று. இவர் சமைத்ததை அவரிடம் கொண்டுபோவார். அவர் சமைத்ததை இவரிடம் கொண்டுவருவார். புகை மண்டிய லண்டன் தெருக்களில் கையில் பாத்திரத்தோடு நடந்துசெல்லும் இவ்விரு குஜராத்தியரையும் எண்ணிப் பார்க்கும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது. அடுத்த வீட்டிற்குக் கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்பும் நம் ஊர்த் தெருவின் அன்பன்றோ அது!

சட்ட மாணவர்களுக்கு வேறொரு வகை விருந்தும் உண்டு. இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் பன்னிரண்டு பருவங்கள், பருவத்திற்கு ஆறு விருந்துகளேனும் உண்டால்தான் பாரிஸ்டராக முடியும். நால்வர் அமரும் குழுவிற்கு இரண்டு புட்டி மது வழங்கப்படும். மது அருந்தாத மோகன்தாஸ் தம் குழுவில் இருந்தால் மூவருக்கே இரண்டு புட்டியும் கிட்டும் என்பதால் அவரைப் பலரும் விரும்பி அழைத்தனராம். அவர் உண்டதோ ரொட்டியும், அவித்த உருளைக்கிழங்கும், முட்டைக்கோசும். பின்னர் பார்சி மாணவர் ஒருவரும் அவரும் சேர்ந்து விண்ணப்பித்துப் பழங்களும் காய்கறிகளும் பெற்றனர். நம்மில் நோன்புடையோர் கிழங்கையும் இரவுணவையும் விலக்குவர். அவை அன்று அவர் ஏற்ற உறுதிமொழியில் இல்லை. ஏற்றதை முழுமையாகக் காத்தார் என்பதே நாம் கருதத் தக்கது.

சிறு பயணங்கள்

விடுமுறைகளில் அவர் கடற்கரை ஊர்களுக்குச் செல்வதுண்டு. முதலாண்டில் பிரைட்டன் நகர விடுதியில் உணவுப் பட்டியல் முழுதும் பிரெஞ்சு மொழியில் இருந்தது. திகைத்திருந்த இளைஞரைக் கண்டு, அதே மேசையில் அமர்ந்திருந்த முதிய விதவை அம்மையார் பட்டியலை விளக்கி, அவர் உண்ணத் தக்கவற்றைச் சுட்டிக் காட்டினார். அப்பழக்கம் நட்பாக வளர்ந்தது. லண்டனில் ஞாயிறுதோறும் அந்த அம்மையார் இல்லத்தில் அவருக்கு உணவு. தமக்கு மணமாகி ஒரு மகனும் உண்டென்பதை நாணத்தால் மறைத்திருந்த மோகன்தாஸ், ஓர் இளம்பெண்ணோடு தம்மை நெருங்கிப் பழகவிட அந்த அம்மையார் விழைவதைக் கண்டு மனம் துணுக்குற்றார். ஞாயிறு உணவும் நட்பும் போனாலும் போகட்டும் என்று துணிந்து உண்மையைக் கடிதத்தில் எழுதினார். அந்த அம்மையாரோ அவருடைய வாய்மையைப் பாராட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருமாறு எழுதினார்.

மஜ்முதாரோடு வெண்ட்னர் என்னும் ஊருக்குச் சென்று மரக்கறி உணவுக் குடும்பம் ஒன்றில் தங்கினார். அங்கு ஒரு கூட்டத்தில் மரக்கறி உணவைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டார். எழுதிக் கொண்டுபோனது ஒரே தாள். எழுந்து நின்றதும் கண் இருண்டு கால் நடுங்கியது. அதை மஜ்முதாரே படிக்கவேண்டியதாயிற்று. பாரிஸ் நகரில் 1889ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கென ஈபிள் கோபுரம் எழுந்திருந்தது. கண்காட்சியைக் காணச் சென்ற அவர், மரக்கறி உணவு விடுதியில் அறையெடுத்து ஏழு நாட்கள் தங்கினார். சிக்கனமே உருவான அம்மாணவர் அக்கோபுரத்து உணவுச்சாலையில் ஒருவேளை உணவிற்கு ஏழு ஷில்லிங் செலவிட்டார். அவ்வளவு உயரத்தில் அமர்ந்து உண்டோம் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை ஒன்றே காரணம். மகான்களும் ஒருகாலத்தில் மாணவர்களே!

பயணங்கள் யாவும் இனிமையாய் அமையவில்லை. மரக்கறி உணவு மாநாட்டிற்காகப் போர்ட்ஸ்மத் சென்றபோது, தங்கிய வீட்டில் சீட்டாட்டத்தின் நடுவே பேச்சு தகாத வழியில் இறங்கியது. இரண்டாம் விரதம் முறியும் நிலை. உடனிருந்த நண்பரின் எச்சரிக்கை செவியில் பட்டதும், வேடன் கையினின்று தப்பிய விலங்குபோல் நடுங்கித் தம் அறைக்கு ஓடினார். அவ்வூரையும் விரைவில் நீங்கினார். இதனைத் தாமே பின்னர் உலகறிய எழுதினார்.

அதே விடுதியில்

நாளடைவில் மோகன்தாஸ் லண்டன் மரக்கறி உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றார். தாம் வாழ்ந்த பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு கழகம் தொடங்கினார். டாக்டர் ஓல்ட்ஃபீல்டு தலைவர், புத்தர் பெருமானின் வரலாற்றைப் பாடிய சர் எட்வின் ஆர்னால்டு துணைத்தலைவர், மோகன்தாஸ் செயலாளர். 1891ஆம் ஆண்டு அச்சங்கத்தாரின் இதழில் இந்தியரின் உணவையும் பண்டிகைகளையும் பற்றித் தொடர்கட்டுரைகள் எழுதினார். கூட்டத்தில் பேச நடுங்கியவரின் எழுத்து முதன்முதலில் அச்சேறியது உணவைப் பற்றியே.

1891ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார். 12ஆம் நாள் தாயகம் புறப்பட்டார். புறப்படுமுன் மரக்கறி உணவு நண்பர்களுக்கு ஒரு விருந்தளித்தார். எங்குத் தெரியுமா? சூப்பைப் பற்றி விசாரித்ததற்காக முன்பு எந்த உணவுச்சாலையிலிருந்து பசியோடு வெளியேறினாரோ அதே ஹோல்பர்னில்! மரக்கறி உணவுச்சாலையில் மரக்கறி விருந்து கிடைப்பது இயல்பே, புலால் சமைக்கும் விடுதியில் அது ஏன் கிடைக்கலாகாது என்று எண்ணி, மேலாளரோடு பேசி முழுவதும் மரக்கறியாலான விருந்தை ஏற்பாடு செய்தார். நன்றியுரையாற்ற எழுந்து ஒரு வாக்கியம் சொன்னதும் மற்றவை மறந்துபோயின. சுருக்கமாக நன்றி கூறி அமர்ந்தார். பேச்சு தோற்றது, விருந்து வென்றது. கேட்பதற்கு நாணிய மாணவரின் வாக்கு அன்று அவ்விடுதியின் சமையற்கட்டையே ஒருநாள் மாற்றியிருந்தது.

கரைசேர்ந்தபோது

ஜூலை மாதம் பம்பாய்த் துறையில் இறங்கினார் மோகன்தாஸ். மூன்று வாக்குகளையும் காத்தேன் என்று அன்னையின் காலடியில் சொல்லும் ஆவலோடு வந்தவரைத் தமையனார் எதிர்கொண்டு, அன்னை முன்னரே காலமான செய்தியைத் தெரிவித்தார். வேற்று நாட்டில் தனித்திருக்கும் தம்பி இடிந்துபோவானே என்று அதுவரை மறைத்திருந்தனர். தந்தையின் மறைவினும் மிகுந்த துயரை இச்செய்தி அளித்தது. ஆயினும் அவர் கண்ணீரை அடக்கிக்கொண்டார்.

அன்னை மறைந்தபின்னும் அவருக்குத் தந்த வாக்கு தொலைநாட்டில் காக்கப்பட்டுக் கொண்டிருந்தது. முட்டையை விலக்கியதற்கும், உண்மையைக் கடிதத்தில் எழுதியதற்கும் வீட்டில் எவரும் சாட்சியில்லை. சான்றிதழைப் பயனற்றதென எறிந்தவருக்குச் சாட்சி தேவைப்படவுமில்லை.

பம்பாயில் கால்வைத்த அந்நாட்களிலேயே, மருத்துவர் மேத்தாவின் இல்லத்தில் அவருக்கு அறிமுகமானவர் ஸ்ரீமத் ராஜசந்திரர். நகை வணிகராய் வாழ்ந்துகொண்டே ஆன்ம நாட்டத்தில் தோய்ந்திருந்த அந்த ஜைனப் பெரியாருக்கு அப்போது அகவை இருபத்துமூன்று. பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் சமயம் குறித்த ஐயங்கள் எழுந்தபோது காந்தியடிகள் கடிதம் எழுதி விளக்கம் கேட்டது அவரிடமே. பேச்சர்ஜி சுவாமி முன்னிலையில் விரதத்தோடு தொடங்கிய பயணம், ராஜசந்திரரின் அறிவுரையில் வந்து சேர்ந்தது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வட்டமேசை மாநாட்டிற்காக லண்டன் சென்ற காந்தியடிகள், 1931ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் மரக்கறி உணவுச் சங்கத்தில் உரையாற்றினார். முதியவராகிவிட்ட ஹென்றி சால்ட் அவ்வவையில் இருந்தார். உடல்நலம் கருதி மட்டும் புலாலை விட்டவர்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை, அறத்தின் அடிப்படையில் விட்டவரே நிலைப்பர் என்பது அன்று அவர் வலியுறுத்திய கருத்து. ஃபாரிங்டன் தெருவில் ஒரு ஷில்லிங்கிற்கு வாங்கிய நூலுக்கு அவர் செலுத்திய நன்றி அது.

வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளுக்குப் பொடியும் ஊறுகாயும் தந்தனுப்புவோம். அவை சில மாதங்களில் தீர்ந்துவிடும். சமைக்கும் பழக்கத்தையும், ஐயமுற்றதைக் கேட்கும் துணிவையும், சமைத்ததை நண்பரோடு பகிரும் அன்பையும் சேர்த்துத் தந்தனுப்பினால், ஏற்ற நோன்பு அவர்களுக்குச் சுமையாகாது. போகுமிடமெல்லாம் துணையாக நிற்கும்.